பருவை மறைக்க ஒரு சுருள் பேண்டேஜ்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பெண் பார்க்கப் போயிருக்கிறேன். அன்று பெண்ணுக்கு என் முகத்தைக் காட்டக் கூடாது என்ற முடிவோடு போனேன்.

காரணம், பரு. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. பஞ்சுத் தூசியும் வியர்வையும் சேர்ந்து, கன்னமெல்லாம் கம்பு விதைத்த மாதிரி முளைத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்ப வேண்டிய காலையில், பெரிதாக நின்றவற்றை மட்டும் பிதுக்கினேன். மேலே பற்பசை தடவினேன். (யார் சொன்ன வைத்தியம் என்று கேட்காதீர்கள். அவருக்கும் முகமெல்லாம் பருதான்.) அரை மணி நேரத்தில் முகம் பூரி மாதிரி எழும்பிவிட்டது.

வேறு தொழில் செய்பவன் பயணத்தைத் தள்ளிப்போட்டிருப்பான். எங்கள் வீட்டில் பேண்டேஜுக்குப் பஞ்சமில்லை. கண்ணையும் மூக்கையும் விட்டுவிட்டு ஒரு முழுச் சுருளையும் முகத்தில் சுற்றி முடித்தேன். பஸ்ஸில் கைக்குழந்தைக்காரி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

பெண் வீட்டில் பதறிப்போனார்கள்.

"பைக்குல இருந்து விழுந்துட்டாண்ணே" என்றார் கூட வந்த என் அம்மா.

அதே நேரத்தில் என் மாமா, "தறியில கட்டை தெறிச்சிருச்சு" என்றார்.

பெண்ணின் அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப தறியை பைக்குல ஏத்திக்கிட்டா போனாப்ல?"

கல்யாணம் இதோடு போச்சு என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்வையில் பற்பசை கரைந்து துணிக்கு மேல் நுரைத்தது.

"ஐயோ, சீழு பொங்குது!" என்று பெண்ணின் அத்தை அலறினார்.

சத்தம் கேட்டுப் பெண்ணே ஓடி வந்தாள். அவள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுபவள். (தரகர் இதைச் சொல்லவே இல்லை.) துணியைப் பிரித்தாள், பிரித்தாள், பிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசிச் சுற்று விழுந்ததும் என் கன்னத்தை மோந்து பார்த்தாள்.

"காயமும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. பருவு. மேல பேஸ்ட்டு."

நான் தரையைப் பார்த்தேன்.

"தோலுல சுரக்குற எண்ணெய் வெளிய வர வழியில்லாம அடைச்சுக்கிடும். உள்ளயே கிருமி சேந்து வீங்கும். அதைப் போயி பிதுக்கலாமா? புண்ணு ஆழமா எறங்கி, பொறவு பள்ளம் விழுந்துரும். எத்தனையப் பிதுக்குனீக?"

"ஏழு" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். (ஒன்பது.)

"என்னத்தா சொல்லுத?" என்றார் அவள் அப்பா.

"பருவு போயிரும்ப்பா. கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுங்க. எனக்குச் சம்மதம்."

சென்ற மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றியதும், என் மாமனார் சோப்பும் துண்டும் நீட்டினார்.

"தப்பா எடுத்துக்கிடாதீக தம்பி. மொகத்தைக் கழுவிட்டு உள்ள வாங்க. எங்க குடும்ப வழக்கம்."