நாகையா கடையில் முடக்கப்பட்ட செய்தி

கிள்ளான்,
திங்கட்கிழமை.

பாங்காக்கில் இருக்கும் அன்பு மருமகள் பெர்னிஸுக்கு வாலண்டைன் மாமா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பை யார் யார் பார்க்கிறார்களோ தெரியாது, அதனால்தான் தபால்.

நீ வேலை பார்க்கும் செய்தித்தளத்தை இங்கே அரசாங்கம் முடக்கிவிட்டதால், ஜெஞ்சாரோமில் குப்பை எரிப்பதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை எடுத்துவிடச் சொல்லி எடிட்டரைக் கேட்கப் போகிறாயாம். கேட்காதே. இங்கே எல்லாம் என் கையில் இருக்கிறது.

முடக்கிய மறுநாள் லிட்டில் இந்தியாவில் நாகையாவின் கடையில் தே தாரிக் குடித்தபடி, அது என் தங்கை மகள் எழுதியது என்று பெருமையாகச் சொன்னேன். "முடக்குற அளவுக்கு அப்படி என்னண்ணே எழுதிருச்சு?" என்றார் நாகையா. கோபப்படாதே, திறந்திருந்தபோது நான் வாசிக்கவில்லை. உடனே மெல்பர்னில் இருக்கும் என் மகள் கிறிஸ்டினை ஃபோனில் கூப்பிட்டேன், அங்கே திறக்கிறது. அவள் ஆங்கிலத்தில் வாசிக்க, நான் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். வாசித்தபோது காரில் சிக்னலில் நின்றிருந்தாளாம். "வழிய மறிச்சிக்கிட்டு நிக்கிறான், இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா" என்று முன்னால் நின்ற காரைத் திட்டியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கட்டுரையிலேயே துணிச்சலான இடம் அதுதான் என்று கடையே பாராட்டியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அந்தத் தளத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து வந்தார்கள். நாற்காலி போதவில்லை. கிள்ளான் மக்களின் உண்மைத் தாகத்தை நீ வந்து பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை உன் அம்மா கேத்தரின் ஜெஞ்சாரோமிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். "போதும்ணே. புள்ள ஊருக்கு வந்தா உள்ள தள்ளிருவானுங்க. நிறுத்துங்க." நான் சமாதானம் சொல்வதற்குள், கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார்.

"அங்கிள், நான் பரமேஸ்வரன், கவர்மென்ட் ஆபீஸ். இங்க தினமும் ஏதோ வாசிக்கிறீங்கன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு."

"வாசிக்கல boss. எம்மக ஃபோன்ல பேசுறா, நான் திருப்பிச் சொல்றேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. ரிப்போர்ட் எழுதணும். எங்க ஆபீஸ்லயும் அது தொறக்க மாட்டேங்குது லா."

கிறிஸ்டின் ஃபோனில் மறுபடி வாசிக்க, முதலிலிருந்து சொன்னேன். செம்பனைத் தோட்டத்து ஓரம் வெளிநாட்டுக் குப்பையை எரிப்பது, காயப்போட்ட துணியெல்லாம் நாறுவது எல்லாம் சொன்னேன். பிறகு அந்த இடம் வந்தது: ஒரு பெண் ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு, வெளியூரில் இருக்கும் மகளிடம் இருமலை அடக்கிக்கொண்டு, இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று ஃபோனில் பொய் சொல்கிறாள்.

"அது நாந்தான்," என்றாள் உன் அம்மா, பரமேஸ்வரனைப் பார்த்து. "அவளுக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் பேர எழுதிக்குங்க தம்பி. கேத்தரின், ஜெஞ்சாரோம். பொழுது சாஞ்சா பொகை வருது. எழுதுங்க."

அவர் எழுதினார். அதனால் கட்டுரையை எடுக்காதே. இது நான் மட்டும் சொல்வதல்ல, உன் அம்மாவும் சொல்லச் சொன்னாள்.

மாதா உன்னைக் காக்கட்டும். பாங்காக்கில் தெருவைக் கடக்கும்போது பார்த்துக் கட.

இப்படிக்கு,
உன் மாமா,
வாலண்டைன்

பி.கு.: இன்று காலை தடையை நீக்கிவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று கடைக்கு ஓடினேன். ஒருவரும் இல்லை. "அதான் எல்லாருக்கும் தொறக்குதே, அப்புறமா படிச்சிக்கலாம்னு போயிட்டாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நாகையா டிவியில் பந்தாட்டம் போட்டுவிட்டார். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. இந்தக் கட்டுரையை எடுத்தாலும் சரி, வைத்தாலும் சரி. அடுத்ததை மட்டும் உடனே முடக்குகிற மாதிரி எழுது.