கன்னி மூலை ஹோம் தியேட்டர்

துடியலூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றால், ஒன்று கல்யாணமாக இருக்கும், இல்லாவிட்டால் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையாக இருக்கும். இப்போது மூன்றாவதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. ‘நாத வாஸ்து ரத்னா’ நரசிம்மலு சுவாமிகள். வீட்டுக்கு வாஸ்து பார்ப்பவர் உண்டு, கிணற்றுக்குப் பார்ப்பவர் உண்டு. ஸ்பீக்கருக்கு வாஸ்து பார்ப்பவர் இவர் ஒருவர்தான். இந்தத் தொழிலில் போட்டி இல்லாததற்குக் காரணம், மற்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூச்சம் மிச்சம் இருப்பதுதான்.

சிங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் ஸ்பீக்கர் பெட்டியைப் பேர் வைக்கக் கொண்டுவந்த பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வீட்டுக் காலிங் பெல்லையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அது அடித்தால் சொந்தக்காரர்களாகவே வருகிறார்களாம், பரிகாரம் வேண்டுமாம்.

அந்தக் கூட்டத்தில்தான் கதிரேசனும் டோக்கன் வைத்துக்கொண்டு நின்றான். கிரைண்டர் கம்பெனி ஆபீசில் வேலை. முட்டாள் அல்ல, நன்றாகப் படித்தவன். அதுதான் தொந்தரவே.

அவனுடைய அப்பா காளிச்சாமி மில்லில் தறி ஓட்டியவர். தறிச் சத்தம் அவருடைய காதில் பாதியைத் தின்றுவிட்டது. டிவியில் பாட்டு கேட்கும், பேச்சு புரியாது. எல்லாரும் சிரிக்கும்போது அவர் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார், மற்றவர்களைப் பார்த்து. இதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், கதிரேசன் மொட்டை மாடி அறையைத் துப்புரவு செய்து ஒரு சோபா போட்டு, அப்பாவோடு உட்கார்ந்து படம் பார்க்க ஒரு ஹோம் தியேட்டர் வாங்க முடிவு செய்தான். கைக்கு அடக்கமான விலையில்தான்.

வாங்குவதற்கு முன் யூடியூப் பார்த்தான். கெட்டது குடி. ஒருவன் ஐந்து ஸ்பீக்கர் போதும் என்றான். இன்னொருவன் ஏழு இல்லாவிட்டால் அது தியேட்டரே இல்லை என்றான். மூன்றாமவன் வாட்ஸ் கணக்கெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு, தான் விற்கிற பெட்டியின் வாட்ஸைச் சொன்னான். கடைசியில் ஐந்து ஸ்பீக்கரும் கும்மென்ற சத்தத்துக்கு ஒரு ஊஃபரும் உள்ள செட் ஒன்றை வாங்கியும்விட்டான். எதை எங்கே வைப்பது என்பதில் மறுபடி குழப்பம். அட்டைப்பெட்டிக்குள் ஒரு படம் இருந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பதைவிடத் துடியலூர் போவது அவனுக்குச் சுலபமாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு சுவாமிகள் வேனில் வந்து இறங்கினார். பட்டு ஜிப்பா, கழுத்தில் ஸ்படிகம், கையில் விலை உயர்ந்த செல்போன். சுவாமி வருகிறார் என்று தெருவே மாடியேறிவிட்டது. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்தார்.

“ஊஃபர் கனமான சாமான். கன்னி மூலைக்குத்தான் போகோணும்” என்றார் சுவாமிகள். ஊஃபர் தென்மேற்கு மூலைக்குப் போனது. “முன்னாடிப் பெட்டி ரெண்டும் அங்கயே வைங்க.” போயின. “பின்னாடிப் பெட்டியும்.” அவையும் போயின. நாலா பக்கமும் சுற்றி நிற்கவேண்டிய பெட்டிகள் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, மேலே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு நின்றன. பெட்டிகளை இயக்கும் ஆம்ப்ளிஃபயரும் அவற்றின் காலடியில் போய்ச் சேர்ந்தது.

டிவிக்குக் கீழே வைக்கவேண்டிய நடு ஸ்பீக்கர் மட்டும் மிச்சம். படத்தில் பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் வரும். சுவாமிகள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“டிவி இருக்கறது ஈசானி மூலை. அங்க பேச்சு இருந்தா ஊட்டுல வாக்குவாதம் ஓயாது. இதை நானே எடுத்துட்டுப் போய்க் கொடுமுடி ஆத்துல உட்டுப்போடறேன்.”

கதிரேசன் கையெடுத்துக் கும்பிட்டான். பேச்சு கேட்கவேண்டும் என்று வாங்கிய செட்டிலிருந்து பேச்சு வரும் பெட்டி வேனுக்குப் போனது.

அடுத்து மகிமை. “நாதம் அளக்கறேன்” என்று தன் செல்போனை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு பாட்டு ஓடியது. சுமாராகத்தான் இருந்தது. செம்புத் தகடு ஒன்றை எடுத்து மந்திரித்து ஊஃபரின் முதுகில் ஒட்டினார். கை பைக்குள் போனது, கண் மூடியது. சத்தம் கும்மென்று எழுந்தது.

“நாலு திக்குல இருந்தும் கேக்குதுங்களா?”

இங்கே எங்கள் ஊர்க் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வந்தவர் மனசு நோக எங்களுக்குப் பேச வராது. உப்புப் போட்ட காப்பியைக் கொடுத்தாலும் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்லுவோம். சத்தம் ஒரே மூலையிலிருந்து வருவது கதிரேசனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அறை முழுக்க “கேக்குதுங்க, கேக்குதுங்க” என்றது. “கேக்குதுங்க சாமி” என்றான் அவனும்.

காளிச்சாமி மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து அதில் படம் ஓட ஆரம்பித்திருந்தது.

“சத்தம் வருதுங்க. வாய் அசையுது, பேச்சுத்தான் வரலீங்க” என்றார் பணிவாக.

சுவாமிகள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பெரியவர் ஜாதகத்துல நாத தோஷம் இருக்குது. இவரு உள்ள இருந்தா தகடு செத்துப்போயிரும். மூணு அமாவாசைக்கு இவரு இந்த ரூமுக்கு வரக்கூடாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் தகடு மாத்தோணும்.”

“செரீங்க சாமி. நான் கீழயே இருந்துக்கறேன்” என்று காளிச்சாமி சோபாவிலிருந்து எழுந்தார். “நீங்க பாருங்க கண்ணு.”

யாருக்காகச் செய்தோமோ அவரையே வெளியே அனுப்புகிறோம் என்று கதிரேசனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. தெருவே கேட்கிறது என்று சொன்ன பிறகு எப்படித் திறப்பது?

திறந்தவள் அவன் மனைவி அன்புச்செல்வி. பம்ப் செட் கம்பெனியில் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருப்பவள். தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது என்று மோட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்கிற வழக்கம் அங்கே இல்லை.

“மாமா, நீங்க உக்காருங்க” என்றாள். பிறகு சுவாமிகள் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க சாமி, எனக்கு ஒரு சின்ன ஆசைங்க. தகடு இருக்கறப்ப ஒருக்கா, இல்லாதப்ப ஒருக்கா போட்டுக் காட்டுங்க. மூலைக்குக் குறுக்க ஒரு பெட்ஷீட்டைக் கட்டிப்போடறேன். உள்ள தகடு இருக்குதா இல்லையான்னு காதுலயே கேட்டுச் சொல்லுங்க.”

“நாதத்தைச் சோதிக்கறதா, அம்மிணி?”

“சோதிப்பனுங்களா? சாமி பெருமையைத் தெருவே பாக்கட்டும்னுதானுங்க.”

தெரு தலையாட்டியது. சுவாமிகளும் வேறு வழியில்லாமல் ஆட்டினார். அன்புச்செல்வி பெட்ஷீட்டைக் கட்டினாள், உள்ளே போனாள், எதையோ செய்தாள். வெளியே கையை நீட்டி டிவி ரிமோட்டை அமுக்கினாள். பாட்டு ஓடியது.

“இப்பத் தகடு இருக்குதுங்களா, சாமி?”

சுவாமிகளின் கை பைக்குள் போனது. கண் மூடியது. “ஆகா. இருக்குது. நாலு திக்குலயும் நாதம் நிக்குது.”

“பின்னாடி இருந்து என்னமா வருதுங்க” என்றார் வெங்கடம்மாள். ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க சாமி” என்றாள் உள்ளேயிருந்து அன்புச்செல்வி.

“ஏறுது பாருங்க, ஏறுது” என்றார் சுவாமிகள். “கும்முனு இருக்குதுங்க” என்றது தெரு.

அன்புச்செல்வி பெட்ஷீட்டை அவிழ்த்துவிட்டாள். தகடு அவள் கையில் இருந்தது. இன்னொரு கையில் கொத்தாக ஒயர்கள். ஒரு பெட்டியிலும் ஒயர் இல்லை. இத்தனை நேரம் பாடியது எதிர்ச் சுவரில் இருந்த டிவியின் சொந்த ஸ்பீக்கர், தீப்பெட்டி அளவில் உள்ளே ஒளிந்திருக்குமே, அது. ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடியில் மட்டும் சத்தத்தின் நம்பர் தானாக ஏறிக்கொண்டே இருந்தது.

“சத்தம் ஏறலீங்க. நம்பர்தான் ஏறுது. சாமி, பைக்குள்ள இருக்கற கையைக் கொஞ்சம் வெளிய எடுங்க.”

சுவாமிகள் எடுத்தார், கையோடு செல்போனும் வந்தது. நம்பர் நின்றது. சற்று முன் அழுத வெங்கடம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்கு வாஸ்து கேட்கலாம் என்றால் கேட்கிற இடமும் போய்விட்டது.

“எனக்குக் கேக்கலீங்க சாமி” என்றான் கதிரேசன். “அப்பவும் கேக்கல. பொய் சொல்லிப்போட்டேன். எங்கப்பாவுக்கு தோஷமெல்லாம் இல்லீங்க. எங்க நடுப் பெட்டியைக் குடுங்க.”

தெரு மரியாதை குறையாமல் சுவாமிகளைக் கீழே அழைத்துப்போய், “வண்டியைக் கொஞ்சம் தொறங்க” என்றது. உள்ளே கொடுமுடி ஆற்றுக்குப் போகவேண்டிய நடுப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் ‘செகண்ட் ஹேண்ட், நல்ல கண்டிஷன்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஆறு எவ்வளவு அவசரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, பாருங்கள்.

“போயிட்டு வாங்கன்னு சொல்லமாட்டமுங்க, சாமி” என்றார் வெங்கடம்மாள். “போங்க.” எங்கள் ஊரில் இதற்கு மேல் கெட்ட வார்த்தை கிடையாது.

வேன் போனதும் அவர் அன்புச்செல்வியைத் தனியே கூப்பிட்டார். “அந்தாளு பிராடு, செரி. மிக்ஸியை எந்த மூலைல வெக்கறது அம்மிணி?”

“பிளக் பாயின்ட் எங்க இருக்குதோ அங்கங்க.”

அன்று மாலை கதிரேசன் அட்டைப்பெட்டிக்குள் இருந்த படத்தைப் பிரித்தான். முன்னால் இரண்டு, சோபாவுக்குப் பின்னால் இரண்டு, டிவிக்குக் கீழே ஒன்று. ஊஃபர் கிடைத்த இடத்தில். பேச்சுப் பெட்டியின் சத்தத்தை மட்டும் தூக்கி வைத்தான். ஒரு பழைய நகைச்சுவைப் படம் போட்டார்கள். பாதியில் காளிச்சாமி சிரித்தார். யாரையும் பார்க்காமல், எல்லாருக்கும் முன்னால். கதிரேசன் படத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சவுண்ட் சிஸ்டம் வாங்கப் போகிறவர்களே, கேட்டால் கேட்கிறது என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். அதற்கும் மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டில் எந்த மூலையில் யார் உட்காரலாம் என்பதையும் வேனில் வருகிறவன்தான் சொல்லுவான்.