குனிந்தவளுக்கு ஒரு பொன்னாடை

காதலில் விழுந்தவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். எதையும் காதில் வாங்கியிருக்க மாட்டான். டூங்கபி என்கிற ஆஸ்திரேலியப் புறநகரில் ஒரு ஹால் நிறைய ஆட்களை வைத்து இதை நிரூபித்தவன் நான்.

ரீத்தா அஸ்ஸாம்காரி, என் ஆபீஸ் தோழி. எங்கள் தமிழர் விழாவில் சத்ரியா நடனம் ஆடச் சம்மதித்திருந்தாள். அதைப் பார்க்க அவள் அப்பாவும் கவுகாத்தியிலிருந்து வந்திருந்தார். என்னையும் பார்க்கத்தான். அவர் சரியென்றால்தான் கல்யாணம்.

முந்தின வாரமே ரயிலில் சொன்னாள்: “இது மேடைக்குப் பிறந்த ஆட்டமில்ல. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க வைணவ மடங்கள்ல துறவிகள் கிருஷ்ணனுக்காக ஆடினது. அந்த மடத்துக்குத்தான் சத்ரம்னு பேரு. ஆடுறதே பூஜை. புரியுதா?”

“ஆமா, ஆமா” என்றேன். ஜன்னல் வெயில் அவள் கன்னத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழாவில் மத்தளம் மெல்லத் தொடங்கியது. மேடை ஓரத்து மரப்பீடத்தில் பட்டுத்துணி சுற்றிய ஒரு புத்தகம். அவர்களுக்குச் சாமி அதுதான். சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து வெண்பட்டில் ரீத்தா மிதந்து வந்தாள். எனக்குக் கால் தரையில் இல்லை. அவள் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினாள்.

“தம்பி, கும்பிட்டிட்டா, முடிஞ்சுது! கெதியாப் போங்கோ!” விழாக்குழு புவனா அன்ரி என்னை முதுகில் தள்ளினார். பொன்னாடை போர்த்துவது என் பொறுப்பு.

கனவில் நடப்பவனைப் போல, ஷூவோடு, மேடையேறிப் போர்த்தினேன். அன்ரி கைதட்டினார். மத்தளம் நின்றது. பொன்னாடைக்குள்ளிருந்து குரல் வந்தது: “அடப்பாவி, இப்பதான் ஆரம்பமே!”

அவள் அப்பா வெறுங்காலோடு மேடையேறினார். தொலைந்தேன் என்று நினைத்தேன். பொன்னாடையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்து ஆங்கிலத்தில் சொன்னார்: “முதல்ல ஷூவைக் கழட்டுங்க. இந்த மரியாதை அவளுக்கு இல்ல. அங்க வைங்க.”

பீடத்தின் முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டேன். வெட்கத்தில் கண்ணீர் வந்தது. மறுபடி மத்தளம் எழுந்தது. அது உடம்புக்குள் நுழைந்ததும் வெட்கம்கூடக் கரைந்துபோனது. எப்போது எழுவது என்று தெரியவில்லை. ஆட்டம் முடியும்வரை அப்படியே கிடந்தேன்.

“பையனுக்கு ஒண்ணும் தெரியல. கும்பிட மட்டும் நல்லாத் தெரியுது,” என்றார் அப்பா. அதுதான் சம்மதம்.

இன்றைக்கும் நான் கட்டிலடியில் எதையாவது தேடக் குனிந்தால் என் மகள் ஓடிவந்து துண்டைப் போர்த்திவிடுகிறாள். வீடியோ காலில் மாமனார் கைதட்டுகிறார்.