நீ குடுத்த பிரேக் பிடிக்கலைடா, அகிலா

புக்கிட் பெலிம்பிங்,
ஞாயித்துக்கிழமை சாயந்தரம்

அதான் கேக்குறேன் அகிலா, சொந்த அத்தைக்கே இப்படி ஒரு சாமானக் குடுக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? இரு, முறையா ஆரம்பிக்கிறேன். அன்புள்ள மருமகன் அகிலனுக்கு அமராவதி அத்தை எழுதிக்கொள்வது. முனியாண்டி அருளால் நானும் மாமாவும் நலம். போன்ல சொன்னா நீ "அத்தை, கஸ்டமர் இருக்காங்க"ன்னு வெச்சிடுவ. அதனாலதான் கடிதாசி. உன் அத்தை மக நித்தியா போட்டோ புடிச்சு அனுப்புவா, முழுசாப் படி.

போன வாரம் நீ வேலை பாக்குற ரவாங் பார்ட்ஸ் கடையிலேருந்து வந்தப்ப மாமாவோட பழைய காடிக்கு பிரேக் பேட் கொண்டாந்து குடுத்தியே. "முப்பத்தோரு வருசக் காடி அத்தை, ஒரிஜினல் இப்ப எங்கயும் கிடைக்காது, இதுவும் அதே தரம்லா"ன்னு சொன்னியா இல்லியா? நம்பினேன். நம்ம வீட்டுல புதுசா எது வந்தாலும், சோறு ஆக்குற குக்கரே ஆனாலும், வாசல்ல இருக்கிற முனியாண்டி காலடியில வெக்காம பாவிச்சதில்ல. உன் சாமானும் வெள்ளிக்கிழமை பூரா அங்கதான் இருந்துச்சு. சனிக்கிழமை மாமாவே மாட்டினாரு. எஸ்டேட் ஒர்க்சாப்ல டிராக்டர் பாத்த கை அது, தப்பு வராது.

இன்னிக்குக் காலைல சுங்கை புரோங்ல ஒரு வளைகாப்பு. நான் முன் சீட்டுல, மடியில லட்டுத் தட்டு. ஊருக்குள்ள கம்பத்து ரோட்டுல மெதுவாப் போனப்ப ஒண்ணும் தெரியல. வயக்காடு தாண்டி முச்சந்தி வருது, மாமா மிதிக்கிறாரு, காடி நிக்கல. திரும்ப மிதிக்கிறாரு, அது பாட்டுக்குப் போவுது. "என்னங்க, நிறுத்துங்க!"ங்கறேன். "நிறுத்திக்கிட்டுதாண்டி இருக்கேன்!"ங்கறாரு. நான் "முனியாண்டி"ன்னு கத்தின கத்துல வயல்ல இருந்த கொக்கெல்லாம் பறந்துடுச்சு. ரோட்டோரம் மாம்பழம் விக்கிற மலாய்க்கார அம்மாவோட மேசையில முட்டித்தான் நின்னுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவல, சாமி புண்ணியம். மாம்பழம் உருண்டு உள்ள வருது, லட்டு உருண்டு வெளிய போவுது. அந்தம்மா குனிஞ்சு பாத்து, "காக், பிரேக் தாடா கா?"ங்குது. அக்கா, பிரேக்கே இல்லியான்னு மலாய்ல கேக்குதுடா! இத்தனை வருசத்துல மாமா காடியப் பத்தி ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல. மனுசன் மூஞ்சி சுண்டிப்போச்சு.

ஒர்க்சாப் பாலனக் கூப்பிட்டோம். சக்கரத்தக் கழட்டி அந்தப் பேட்ட விரலால தடவினான். "என்னக்கா இது, வழவழன்னு இருக்கு! இத மாட்டினா எந்தக் காடிதான் நிக்கும்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாத்தியா அநியாயத்த! பழச எதையோ தடவி மினுக்கி, புதுசுன்னு பெட்டியில போட்டு விக்கிறானுங்க, நீயும் வாங்கி அத்தை தலையில கட்டிட்ட.

வர்ற வெள்ளிக்கிழமை கோலசிலாங்கூர் டவுன்ல சொந்தமா பார்ட்ஸ் கடை திறக்கிறியே, நான்தான் விளக்கேத்தணும்னு சொன்னியே, வரமாட்டேன். பாலன் எங்கள வளைகாப்புல கொண்டுபோய் விட்டான், அங்க ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அங்க வந்திருந்த திலகாவோட வீட்டுக்காரரு லோரிக்கு உன்கிட்ட சாமான் எடுக்கறதா இருந்தாரு, உயிர் வேணும்னா அந்தப் பக்கம் போகாதீங்கன்னுட்டேன். கோயில் தலைவரும் சாப்பிட வந்திருந்தாரு. கோயில் வேனுக்கு ஒரு நட்டு கூட அவன் கடையில வாங்கக்கூடாதுன்னு இலையில உக்காந்திருக்கும்போதே சத்தியம் வாங்கிட்டேன். பாலன்கூட, "முதல்ல அவன ஒரு வார்த்தை கேளுங்கக்கா, பாவம் கடன் வாங்கிக் கடை போடறான்"னான். கேக்க என்ன இருக்கு? கண்ணால பாத்தாச்சு.

இருந்தாலும் நீ என் அண்ணன் புள்ள. முனியாண்டி உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் குடுக்கட்டும். அண்ணியக் கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
இன்னும் உயிரோட இருக்கிற உன் அத்தை,
அமராவதி

பி.கு.: இத எழுதி வெச்சிட்டு விளக்கேத்தப் போனேன். நல்லெண்ணெய் போத்தல் பாதிக்கு மேல காலி. வெள்ளிக்கிழமைதான் புதுசா உடைச்சது. யாருடி எடுத்தான்னு நித்தியாவத் திட்டினேன். அவ வாசல்ல இருக்கிற முனியாண்டியக் கை காட்டுறா. இப்பத்தாண்டா ஞாபகம் வருது. அன்னிக்கு முனியாண்டிக்கு எண்ணெய்க் காப்பு சாத்தினப்ப, காலடியில இருந்த உன் பிரேக் பேட்டயும் பெட்டியிலேருந்து வெளிய எடுத்து, நல்லா ஊறட்டும்னு நாலு பக்கமும் ஊத்தினதும் நான்தான், மறுநாள் துடைச்சு மாமா கையில குடுத்ததும் நான்தான்.