சூசைமுத்து எழுதிய சேர்க்கை விதிகள்

இன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு இந்த வீட்டில் யாரும் பாடக்கூடாது என்று சூசைமுத்து உத்தரவு போட்டார். காரணம், அவர் இசையைப் பற்றி எழுதப் போகிறார்.

"சோறு பொங்கும்போது வாய்க்குள்ள முனங்கலாமா?" என்று கேட்டாள் மனைவி செபஸ்தியம்மாள்.

"முனகலும் பாட்டுதான்."

"அப்ப உலை கொதிக்கிற சத்தம்?"

"அதுக்குச் சுருதி கிடையாது. கொதிக்கட்டும்."

1961ஆம் வருடம். ஐப்பசி மழையில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை குளித்துக் கறுத்து நின்றது. கன்னியர்கள் நடத்தும் பெண்கள் கல்லூரியில் அடுத்த ஜூனில் பி.ஏ. இசை வகுப்பு தொடங்குவதாக முடிவாகியிருந்தது. பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் பாட்டு வாத்தியாராகச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்து, தொண்டையில் பாதியை அங்கேயே தேய்த்துவிட்டவர் சூசைமுத்து. கல்லூரித் தலைவி மதர் அவரைக் கூப்பிட்டு, "இசைக் கோட்பாட்டுக்கு மூன்று வருடப் பாடத்திட்டம் நீங்களே எழுதுங்கள். சரியாக அமைந்தால் விரிவுரையாளர் வேலையும் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் நிலைப்படியில் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டார். அவ்வளவு உயரமாகிவிட்டார்.

உயரத்தில் ஒரே ஒரு குறை. அவர் கையெழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. ஆகவே அவர் எழுத எழுத, நல்ல தாளில் பிரதி எடுக்கும் வேலை செபஸ்தியம்மாளுக்கு வந்தது.

அவள் ரெட்டியார்சத்திரம் பக்கத்து வாத்தியார் ஒருவரின் மகள். இண்டர்மீடியட் தேறியவள். பி.ஏ. சேர வேண்டிய ஜூன் மாதத்தில் கல்யாணம் நடந்துவிட்டது. "அடுத்த வருசம் படிச்சுக்கலாம்" என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தார். அந்த அடுத்த வருடம், எட்டு வருடமாக அடுத்த வருடமாகவே இருந்தது. இப்போது மகள் ரோசலினும் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் செபஸ்தியம்மாள் குரலெடுத்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான்காம் நாள் முதல் வருடப் பாடத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கோட்பாடு?"

"ஆறு."

"லீவு, பரீச்சை எல்லாம் போக வருசத்துக்கு முப்பது வாரம். ஆக நூத்தி எம்பது மணி. நீங்க எழுதினதுக்கு நானூத்திப் பத்து மணி ஆகுது. எழுபத்திரண்டு மேளம், முப்பத்தஞ்சு தாளம், இருபத்திரண்டு சுருதி, ஒலியியல், வெள்ளைக்காரன் சுரக்குறி, அம்புட்டும் மொத வருசத்துல. பொண்ணுக வீட்டுக்குப் போகுமா, அங்கேயே படுத்துக்கிருமா?"

"பட்டப் படிப்புன்னா பாடுபடணும்."

"பாடவே விடலியே, பாடு மட்டும் படணுமாக்கும்?"

"விவாதம் வேணாம் செபஸ்தி!"

"நானா பண்றேன்? ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுற சுரமா பாத்து, விவாதி மேளம் நாப்பதையும் மொத வருசத்துலயே வச்சது நீங்கதான்."

சூசைமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பதில் இல்லாதபோது அவர் கண்ணாடி மிகவும் சுத்தமாகிவிடும்.

"சுருதின்னா என்னன்னு ரெண்டு மாசம் எழுத வைக்கிறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் தம்புராவ மீட்டி, கண்ண மூடிக் கேக்க விட்டா என்ன? காதுல விழுந்ததுக்குப் பேரு வைக்கிறது லேசு. பேர மனப்பாடம் பண்ணிட்டுக் காதுக்குள்ள தேடுனா, கெடைக்குமா?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது. அடுப்புல வெஞ்சனம் தீயுது பாரு."

அவள் எழுந்து போனதும், எழுதிய தாளை அவர் மறுபடி படித்தார். பிறகு சத்தமில்லாமல் கிழித்தார். முதல் மாதம் முழுக்கக் கேட்பது. இரண்டாம் மாதம்தான் இலக்கணம் என்று புதிதாக எழுதினார். விவாதி மேளங்கள் மூன்றாம் வருடத்துக்குப் போயின. மறுநாள் பிரதி எடுத்தவள் அதைப் பார்த்தாள். அன்றைக்குக் குழம்பில் முருங்கைக்காய் கூடுதலாக இருந்தது.

பத்தாம் நாள், சாப்பாட்டுக்குப் பின் அவள் கேட்டே விட்டாள்.

"ஏங்க, இதுல நானும் சேரட்டுமா?"

சூசைமுத்துவுக்கு வெற்றிலைச் சாறு புரையேறியது. படிக்கட்டுமே என்று ஒரு மனம் சொல்லத்தான் செய்தது. ஆனால் ஒலியியல் பாடம் இருக்கிறதே! அதை அவர் புரிந்து படித்தவர் இல்லை, உருப்போட்டவர். எட்டு வருடமாக எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிற பெண் இவள். வீட்டிலாவது சாட்சி கிடையாது. வகுப்பில் முப்பது சாட்சிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

"விதி இருந்தாச் சேரலாம்" என்றார்.

"யாரு விதி?"

"கல்லூரிச் சேர்க்கை விதி. அதையும் நான்தான் எழுதணும்."

"ஓ! என் விதிய எழுதுறதும் நீங்கதானா?" என்று சிரித்துவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

அவர் உடனே உட்கார்ந்து முதல் விதியை எழுதினார்: வயது இருபத்தைந்துக்கு மேற்படாதவராக இருக்க வேண்டும். செபஸ்தியம்மாளுக்கு இருபத்தொன்பது.

அதைப் பிரதி எடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. "பாவம், சிஸ்டர் புஷ்பமேரி" என்று மட்டும் சொன்னாள்.

"அவங்களுக்கு என்ன?"

"முப்பத்து நாலு வயசாச்சே. இந்தப் படிப்புல அவங்களச் சேக்கணும்னுதான மதர் வகுப்பே தொடங்குறாங்க? போகட்டும், நீங்க சொன்னா மதர் கேட்டுக்கிருவாங்க."

சூசைமுத்துவின் கண்முன் விரிவுரையாளர் நாற்காலி ஒரு காலில் ஆடியது. வயது விதியை அடித்தார்.

மறுநாள் புதிய விதி பிறந்தது: திருமணமாகாதவராக இருக்க வேண்டும்.

"இதுவும் நல்ல விதிதான்" என்றாள் அவள், மை தொட்டுக்கொண்டே. "கல்லூரிக்கு நிலம் குடுத்த பெருமாள்சாமி மக பொன்னழகுக்குத்தான் கஷ்டம். போன ஆவணியில கல்யாணம் முடிஞ்சது. மாப்ள வீட்டுல படிக்கச் சம்மதம்னு சொல்லித்தான் பொண்ணெடுத்தாங்களாம்."

கேட்டதும் அவருக்கு என்னவோ போல் இருந்தது. அதே வாக்கை அவரும் கொடுத்தவர்தான். அந்த விதியும் போயிற்று.

மூன்றாவது விதியை யோசிக்க இரண்டு நாள் பிடித்தது. நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வு நடத்துபவரின் உறவினர் எவரும் அதில் கலந்துகொள்ளக்கூடாது. தேர்வு நடத்தப்போவது சூசைமுத்து. இதில் சிஸ்டரும் அடிபடமாட்டார், பொன்னழகும் அடிபடமாட்டாள்.

செபஸ்தியம்மாள் இதை அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டாள். சூசைமுத்து வெற்றிக் களிப்பில் அன்றைக்கு உத்தரவைத் தளர்த்தி, "செத்த நேரம் பாடிக்கோ" என்றார்.

பதினாறாம் நாள் பிரதித் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். மதர் பொறுமையாகப் படித்தார்.

"முதல் மாதம் காதால் கேட்பது, அப்புறம் இலக்கணம். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, சூசைமுத்து."

தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். முடியவில்லை. "அது… என் சம்சாரம் சொன்னது மதர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தெரியும். போன வாரம் வந்திருந்தார்கள். விண்ணப்பம் அச்சாகி வந்ததும் முதல் தாள் தனக்கு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கணவர் தேர்வு வைத்தால் ஊர் ஒரு மாதிரி பேசும், வெளி ஆளை வையுங்கள் என்றும் கேட்டார்கள். நீங்களும் அதே நேர்மையோடு விதி எழுதியிருக்கிறீர்கள்! தேர்வு நடத்த மதுரையிலிருந்து ஒரு பாகவதரை வரச்சொல்லி எழுதிவிட்டேன்."

சூசைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மே மாதம் தேர்வு நடந்தது. தான் எழுதிய விதியால் தேர்வு நடத்த முடியாமல் போன சூசைமுத்து, தாழ்வாரத்துத் தூணோரம் நின்றார். பாகவதர், "சுருதி என்றால் என்ன?" என்று கேட்பது காதில் விழுந்தது. பதில் வரவில்லை. தெரியாதா? நாலு முறை பிரதி எடுத்தாளே! சூசைமுத்து தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். அவள் தோற்றால் நல்லது என்று நினைத்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பிறகு தம்புராவின் ஓசை எழுந்தது. அதில் அவள் குரல் 'ஸ' என்ற ஒரே ஒரு ஷட்ஜமாக இறங்கிக் கலந்தது. எது தந்தி, எது குரல் என்று பிரிக்க முடியவில்லை. நிறுத்திவிட்டு, "மொதல்ல இது கேக்கணுங்க ஐயா. பேரு அப்புறம் சொல்றேன்" என்றாள்.

பாகவதர் உள்ளே "பலே" என்றார். வெளியே தூணும் "பலே" என்றது.

பட்டியலில் செபஸ்தியம்மாளின் பெயர் முதலில் இருந்தது. சூசைமுத்துவுக்கு விரிவுரையாளர் வேலையும் உறுதியானது. சின்னாளபட்டிச் சேலை ஒன்று வாங்கி வந்து, "கல்லூரிக்குக் கட்டிக்கோ" என்று நீட்டினார். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கும் கலங்கியது. ஒலியியல் புத்தகத்தை அன்றே எடுத்து, இந்தமுறை புரிந்து படிக்கத் தொடங்கினார்.

ஜூன் மாதம், முதல் நாள் காலை. எட்டு மணிக்கு அவர் குளித்துவிட்டு வந்தபோது செபஸ்தியம்மாள் புதுச் சேலையில், நோட்டும் கையுமாக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுச் சீக்கிரமாவா? பாடம் பத்தரைக்குத்தான?"

"அது உங்க பாடம். பி.ஏ.ன்னா இங்கிலீசு, தமிழு எல்லாம் உண்டுல்ல? எனக்குத் தினமும் எட்டரைக்கு இங்கிலீசு வகுப்பு. உலை கொதிக்குது, அரிசி களைஞ்சு வச்சிருக்கேன். போறேங்க, நேரமாச்சு."

தினமும் என்ற சொல்லின் பொருள் அவருக்கு விளங்குவதற்குள் அவள் தெருமுனை திரும்பிவிட்டாள். சீப்பும் இரண்டு சிவப்பு ரிப்பனுமாக ரோசலின் வந்து, அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ரெட்டைச் சடைப்பா. கோணலா பின்னுனா அவுத்துட்டு மறுபடி பின்னச் சொல்லுச்சு அம்மா."