இது ஆரம்பம்தான், இன்னும் நிறைய வரும்

சொந்தமாகத் தொழில் செய்கிறவனுக்கு முகநூலால் லாபமா, நட்டமா என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. என் மனைவி பக்கத்தில் இருக்கிறாளா என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சம்பளத்துக்கு டிசைன் செய்துகொண்டிருந்தவன் நான். இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று வீறாப்பாக வெளியே வந்து, திருத்தங்கல் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் செய்து தருவேன். (யாராவது கொடுத்தால்.) தீபாவளி சீசன் முடிந்ததும் லேபிள் வேலை நின்றுபோனது. அதன்பிறகு என் ஆபீசுக்கு வந்துபோன ஒரே ஆள் அம்மா, துணி காயப்போட.

சென்னையில் இருக்கும் நண்பன், செய்த வேலையை முகநூலில் போட்டால் ஆர்டர் தானாக வரும் என்றான். அப்போது என் கையில் இருந்தது சாத்தூர்க்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மட்டும். மாப்பிள்ளை பெயர் காளிராஜ். என் பெயரும் காளிராஜ்தான். எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள் என்பதால், அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. பத்திரிகையையும், பக்கத்தில் நான் சிரித்தபடி நிற்கும் படத்தையும் போட்டு, 'என் வாழ்வின் முக்கியமான முயற்சி. உங்கள் ஆசி வேண்டும்' என்று எழுதினேன். (அடக்கமாக இருக்கட்டும் என்றுதான்.)

வாழ்த்துகள் கொட்டின. 'எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே' என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். தொழில் தொடங்கியதைச் சொல்கிறார்கள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். 'அருமையான தேர்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத்துருவைப் பாராட்டுகிறார் என்று நெகிழ்ந்துபோனேன். கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பதில் போட்டேன்: 'நன்றி. இது ஆரம்பம்தான், இன்னும் நிறைய வரும்.'

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில்தான் எனக்கு விருதுநகரில் பெண் பார்த்து ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பெண் மகேஸ்வரி. அவள் அப்பா மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் தரகர் அம்மாவுக்குப் போன் செய்து, பெண் வீட்டில் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்கிறார்கள் என்றார். காரணத்தைச் சொல்லக் கூசி வைத்துவிட்டார். எதிர்வீட்டு அக்காதான் தன் போனில் காரணத்தைக் காட்டினாள். அம்மா மாடி ஏறி வந்தாள்.

"ஏலே, யாருலே அந்தப் பொண்ணு?"

அம்மாவுக்குப் புரியவைத்து, இருவரும் அடுத்த பஸ்ஸில் விருதுநகர் போய் இறங்கினோம். கடையில் மூட்டைகளை அவிழ்த்து வத்தலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நெடி தாங்க முடியவில்லை. "மாமா, அந்தக் கல்யாணப் பத்திரிகைய நான்தான்..." என்று ஆரம்பித்தேன். தும்மல் வந்துவிட்டது. மறுபடி, "நான்தான்..." மறுபடி தும்மல். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தாரை தாரையாகக் கொட்டியது. 'செய்தேன்' என்ற ஒரு சொல் வெளியே வராததால், அவர் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்.

"அழுகாதீக தம்பி. மனசு ஒரு எடத்துல இருந்திருக்கு, ஆயிருச்சு. ஆனா இன்னும் நெறைய வரும்னு எழுதிருக்கீகளே, அதத்தான் என்னால தாங்க முடியல."

அம்மா குறுக்கே புகுந்து பேசப் பேச, அவர் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து மகேஸ்வரி வந்தாள். அதுவரை அந்தப் பத்திரிகையை அவளுக்கு யாரும் காட்டவில்லையாம். அப்பாவின் போனை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள். இவர் அப்பா பெயர் என்ன என்று என் அம்மாவிடம் கேட்டாள். பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா வேறொருவர் என்று தன் அப்பாவுக்குக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இத டைப் அடிச்சது நீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"மணமக்களை வாழ்த்தியருளன்னு வரணும். வீழ்த்தியருளன்னு அடிச்சிருக்கீக. அம்புட்டுப் பேரு வாழ்த்திருக்காக, ஒருத்தர்கூடப் படிக்கல போல."

என் தும்மல் நின்றுவிட்டது. அந்தப் பத்திரிகை அன்று மத்தியானம் மிஷினில் ஏற வேண்டியது. அச்சடிக்கக் கொடுத்திருந்த அச்சகத்துக்கு உடனே போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, பிளேட் மட்டுந்தான் போட்டிருந்தார்கள், அச்சு ஓட ஆரம்பிக்கவில்லை. சாத்தூர்க் கல்யாணம் தப்பித்தது. மாமா அந்த வரியைத் தானும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துப் பார்த்தார்; முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்து முடித்தபிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

முகநூலால் எனக்கு வேலையும் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. தப்பாக வாழ்த்தியவர்களில் சிலர் பிறகு நிஜமாகவே பத்திரிகை அடிக்க வந்தார்கள். இப்போது மகேஸ்வரி படித்துப் பார்க்காமல் என் மாடியிலிருந்து ஓர் எழுத்துகூடக் கீழே இறங்காது.

ஒரே ஒரு தொந்தரவு. கல்யாண வீடுகளில் புதுச் சொந்தக்காரர்கள் யாராவது எங்களை விசாரித்தால் அவள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வாள்.

"நான் இவுகளுக்கு ரெண்டாந்தாரம். மூத்தவ ஃபேஸ்புக்ல இருக்கா."

அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வைக்கு நான் பதில் சொல்ல முயல்வதற்குள், என் அம்மா பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவாள்.