அணு உலையும் என் இரண்டு கால்களும்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கால் அழுத்தும். எதையாவது மிதித்தாக வேண்டும். நெசவூரான மருதமுனையில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவனின் கால் வேறு எதைச் செய்யும்?

எண்பதுகளில் ஒரு வருடம். விஞ்ஞான ஆசிரியராக நியமனம் கிடைத்துச் சில மாதங்கள்தான். எங்கோ வெளிநாட்டில் அணு உலை வெடித்ததாம் என்று ஊரெல்லாம் கதை. பள்ளிக்கூடக் கண்காட்சியில் அணு உலையை நானே செய்து காட்டுகிறேன் என்று மார்தட்டினேன். (அந்த வயதில் மூளை அதற்குமேல் வேலை செய்யாது.)

நெல் ஆலைகளில் நாற்பது எலிப்பொறி இரவல் வாங்கினேன். இழுத்துப் பூட்டிய ஒவ்வொன்றின் மேலும் இரண்டு காய்ந்த புன்னைக்காய். பொறிதான் யுரேனியக் கரு, காய்தான் நியூத்திரன். ஒரு காய் விழுந்தால் ஒரு பொறி துள்ளும். பறக்கும் இரண்டு காயும் இரண்டு பொறியைத் தட்டும். பிறகு நான்கு, எட்டு. உண்மையான உலையில் கரு இப்படிப் பிளக்கும் வெப்பத்தில்தான் நீர் ஆவியாகிச் சுழலியைச் சுற்றுகிறது. கிளம்பும் நியூத்திரன்களில் சராசரியாக ஒன்று மட்டும் அடுத்த கருவைப் பிளந்தால் உலை சீராக ஓடும். மிச்சத்தை விழுங்குவதற்கே கட்டுப்பாட்டுக் கோல்கள்.

என் கோல்கள், இடுப்பில் கட்டும் சாரன் துணி சுற்றிய பலகைகள். பொறி வரிசைகளுக்கிடையே தொங்கின. துணியில் பட்ட காய் அங்கேயே செத்து விழும். வாப்பாவின் பழைய தறியிலிருந்து இரண்டு மிதிகட்டைகளைக் கழற்றிக் கயிற்றில் இணைத்தேன். இடதை மிதித்தால் பாதிக் கோல்கள் எழும்பும், வலதை மிதித்தால் மறுபாதி. காலை எடுத்தால் எல்லாம் தம் பாரத்திலேயே விழுந்து உலை நின்றுவிடும்.

கண்காட்சியன்று காலை மாமா ஓடி வந்து காதைக் கடித்தார்.

"உனக்குக் கல்யாணம் பேசின போடியார் வாறாராம்டா. பொஞ்சாதியும் மகளும் கூட. ஆள் எப்படியெண்டு பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவாராம். நடுங்காமக் கதை!"

அதுவரை நான் நடுங்கவில்லை.

போடியார் வந்தார், ஊரின் பெரிய வயற்காரர். வெள்ளைத் தொப்பி, வயல் வரம்பு மாதிரி நேரான பார்வை. முன் வரிசையில், உலைக்கு நேரே உட்கார்ந்தார். பின்னால் பெண்கள் பக்கத்தில் அவர் மகள். (நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு தரம்தான் பார்த்தேன்.)

"தம்பி, இது வெடிக்குமா?"

"இல்ல ஹாஜியார், காலை எடுத்தாச் சரி, தானா நிண்டிரும்."

இடதை மிதித்தேன். ஒரு காயைப் போட்டேன். டக். பிறகு டக், டக். பிளவு, வெப்பம், ஆவி என்று குரலெடுத்து விளக்கினேன். உலை நான் சொன்னதைக் கேட்டது. போடியார் தலையாட்டினார்.

அப்போது தப்பிய காயொன்று அவர் நெற்றியில் நச்சென்று பட்டது.

அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. உடனே நிறுத்த வேண்டும். தறியில் வலதை மிதித்தால் இடதால் எழும்பியது இறங்கும். கால் அதை மட்டும் நினைத்துக்கொண்டது. வலதையும் மிதித்தேன். எல்லாக் கோல்களும் மேலே!

படபடவென்று மிச்சப் பொறிகள் துள்ளின. புன்னைக்காய் மழை. பள்ளி அதிபர் மேசைக்கடியில். சாகப்போகிறவர்போல யாரோ கலிமா சொன்னார்கள். நானோ இரண்டு காலையும் இன்னும் இறுக்கி, "பயப்படாதீங்க! கட்டுப்பாட்டுக்குள்ளதான் இரிக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"சேர், காலை எடுங்க!"

எடுத்தேன். கோல்கள் தடதடவென்று விழுந்தன. துள்ளாமல் மிஞ்சியவை ஆறு பொறிகள்.

போடியார் எழுந்தார். தொப்பியைக் கழற்றி உதறினார். இரண்டு காய் விழுந்தன. நெற்றி வீங்கியிருந்தது. ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகும் கனவை அப்போதே மடித்து வைத்துவிட்டேன். அவர் மாமா பக்கம் திரும்பினார்.

"உங்கட மருமகனுக்கு மூளை இரிக்கு. நிப்பாட்டத்தான் தெரியாது." மகளை ஒருதரம் பார்த்தார். "அது எங்கட புள்ளைக்குத் தெரியும். நாள் பாருங்க."

இவ்வளவு வருடமாக அந்தப் போடியார் வீட்டில்தான் இருக்கிறேன். போன கிழமை மகனின் வேலை விடயமாகத் தொலைபேசியில் ஒருவரோடு வெடித்துக்கொண்டிருந்தேன். குசினி அடுப்படியிலிருந்து மனைவியும் பிள்ளைகளும் ஒரே குரலில்:

"காலை எடுங்க!"

குனிந்து பார்த்தேன். இரண்டும் தரையை மிதித்துக்கொண்டுதான் இருந்தன.